மூன்று மகமூது ஷாக்கள்

விமலநாதன் வைத்த தேநீரைக் கலியாணத் தரகர் சந்திரகாந்தி தொடவில்லை.

"அண்ணை, ஹம்பேர்க் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குகினம். உங்கடை மகள் மிதுஷா ரயிலிலை போன் கதைச்சதைக் கேட்டவையாம். மகமூது ஷா எண்டு மூண்டு பேராம். ஒருத்தரையும் விட ஏலாது எண்டு சொன்னாவாம்."

விமலநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓம். ஒருத்தர் குஜராத், ஒருத்தர் வங்காளம், மற்றவர் மலாக்கா. ஐஞ்சு வருசமா எனக்குத் தெரியும்."

"வெக்கமில்லாமல் சொல்லுறியளே. குடும்ப மானம் என்னாகிறது?"

"மூண்டு பேரும் சுல்தான்மார், பிள்ளை. செத்து நானூறு வருசத்துக்கு மேலை. அவையின்ரை நாணயங்களைப் பிரிச்சறிஞ்சு எழுதித்தான் மகளுக்கு நேற்று டாக்டர் பட்டம் கிடைச்சது."

சந்திரகாந்தி அவசரமாகப் போனை எடுத்தார்.

"இப்பவே சொல்லுறன், அண்ணை. உடனை சம்மதிப்பினம்."

"சொல்லுங்கோ," என்றார் விமலநாதன். "விசாரிக்காமல் பழி சொல்லுற வீட்டுக்கு நாங்கள் பொம்பிளை குடுக்கிறேல்லை."