இரண்டாவது கேமரா

விஸ்கான்சினில் மான் வேட்டை நாளை விடியலில் தொடங்குகிறது. லாயிட் வீட்டுச் சமையலறையில் அவனுடைய மச்சான் ஆர்வின் மடிக்கணினியில் படங்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறான். கோடையில் காட்டு ஓக் மரத்தின் உச்சியில் ஆர்வின் கட்டிவிட்டு அவனே மறந்துபோன, தானாகப் படமெடுத்து இணையத்தில் அனுப்பும் கேமராவின் படங்கள். கீழே, மான் வருகிறதா என்று பார்க்க லாயிட் வைத்திருக்கும் கேமராவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அதில் பளிச்சென்று தெரிகிறது. மனித வாடை பட்டால் மான் வராது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்க் கேமராவைப் பார்த்தால் போதும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவன் லாயிட். பெரிய கொம்பன் மான் வராமல் போனதும், ஆர்வினின் சுருட்டு நாற்றம்தான் காரணம் என்று அவனை இந்தப் பருவம் முழுக்கக் காட்டுக்குள் விடவில்லை. திரையில் முதலில் கொம்பன் நிற்கிறது. அடுத்ததில் ரப்பர் பூட்ஸோடு லாயிட். மறுநாளும் லாயிட். அதற்கு மறுநாள் சாண்ட்விச்சைக் கடித்தபடி லாயிட். அப்புறம் கொம்பனே இல்லை, லாயிட் மட்டும்.

"இது நல்லா கொழுத்திருக்கே மச்சான், சுட்டுரலாமா?" என்கிறான் ஆர்வின்.

பாத்திரம் கழுவும் லாயிட்டின் மனைவி டார்லா திரும்பிப் பார்க்கிறாள். "தெனமும் டீசல் போடப் போறேன்னு கெளம்பினது இங்கதானா?"

லாயிட்டின் காது மடல் சிவக்கிறது. வாடை போக வெளியே கொடியில் தொங்கும் வேட்டைச் சட்டையையே பார்க்கிறான்.

"நாளைக்கு நானும் வரலாமா?" ஆர்வின் இப்போது சிரிக்கவில்லை.

"வா மச்சான்," என்கிறான் லாயிட், தலை நிமிராமல். இன்று காலையிலும் போய்த் தன் கேமராவிலிருந்து எடுத்துவந்த மெமரி கார்டைச் சட்டைப் பைக்குள் அவன் விரல்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன.