முதலில் அப்பா

அவளுக்கு நாற்காலி போடவில்லை.

சுவரோரம் நின்றாள். மடிக்கணினியை மார்போடு அணைத்திருந்தாள். ஜன்னலுக்குக் கீழே பணிமனையில் ஏதோ ஒரு பஸ்ஸின் ஹாரனைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

மேசையின் ஒரு முனையில் முதலாளி நாச்சிமுத்து. எதிரே சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகன் பிரணவ். நடுவில் முதலாளியின் போன் மல்லாந்து கிடந்தது. அதில் பஸ் கம்பெனியின் டிக்கெட் இணையதளம் திறந்துகொண்டிருந்தது.

இன்னும் திறந்துகொண்டிருந்தது.

“பாத்தீங்களா சார்? இதுதான் ஜாங்கோ,” என்றான் பிரணவ்.

இணையதளம் கட்டும் அந்த ஃப்ரேம்வொர்க்கில்தான் அவள் தளத்தை எழுதியிருந்தாள். தனியாக. ஒவ்வொரு ஊரையும், ஒவ்வொரு இருக்கையையும்.

அவன் சொல்லிக்கொண்டே போனான். ஜாங்கோ பழசு. மெதுவானது. கூட்டம் வந்தால் படுத்துவிடும். சின்னக் கடைகளுக்குத்தான் சரிப்படும். இப்போது யாரும் அதைத் தொடுவதில்லை.

யாரும் என்று சொன்னபோது அவள் பக்கம் திரும்பவில்லை.

தீபாவளி முன்பதிவுக்குள் எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிடலாம் என்றான். புது ஃப்ரேம்வொர்க். அவனுடைய ஆட்கள்.

அதில் தனக்கு இடமில்லை என்பது உள்ளே வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நீ என்ன அம்மணி சொல்ற?” என்றார் முதலாளி.

“கோளாறு ஜாங்கோவுல இல்லீங்க.”

பிரணவ் சிரித்தான். “சார், மேடம் புருஷனை மாத்தினாலும் மாத்துவாங்க. ஜாங்கோவை மாத்த மாட்டாங்க.”

முதலாளியும் சிரித்தார்.

அவள் போனைப் பார்த்தாள். அதில் ஒரு நெற்றி வந்திருந்தது.

முதலாளியின் அப்பா. இறந்துவிட்டவர். கம்பெனியின் எல்லா பஸ்களிலும் டிரைவரின் தலைக்கு மேலே மாலையோடும் சிவப்பு பல்போடும் இருப்பவர். தளத்திலும் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் இருந்தார். பேனருக்கென்று ஸ்டுடியோவில் பெரிதாக்கிய படம். அதை ஏற்றிய அன்று முதலாளி கணினிக்குச் சூடம் காட்டினார். ஓர் உத்தரவும் போட்டார்.

முதலில் அப்பா. அவர் முகம் முழுதாக வந்த பிறகுதான் ஊர், நேரம், இருக்கை எல்லாம்.

ஒருமுறை அவள் படத்தைச் சுருக்கிப் போட்டாள். முதலாளி இரண்டு விரல்களால் விரித்துப் பார்த்தார். நெற்றியில் விபூதிக் கோடுகள் ஒன்றோடொன்று குழைந்திருந்தன. சாயங்காலத்துக்குள் பழைய படம் திரும்பி வந்தது. அப்பா படத்தில் இனி யாரும் கை வைக்கக் கூடாது என்றார்.

போனில் இப்போது புருவம் வரை வந்திருந்தது.

எப்படியும் போகப்போகிற வேலை.

அலமாரியின் மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தாள். படத்தைக் கொண்டுவரும் வரிகளைத் தேடினாள். அழித்தாள். தளத்தில் ஏற்றினாள்.

“இப்பத் திறங்க.”

முதலாளி தொட்டார்.

ஈரோடு. சென்னை. புறப்படும் நேரம். காலி இருக்கைகள் பச்சையாக.

அவர் விரலை எடுப்பதற்குள் எல்லாம் வந்திருந்தன.

பிரணவ் எட்டிப் பார்த்தான்.

முதலாளி போனை முகத்தருகே கொண்டுபோனார். பக்கத்தை மேலே தள்ளினார். கீழே தள்ளினார். மறுபடி மேலே.

“அப்பா எங்க?”

கீழே ஹாரன் நின்றிருந்தது.

மன்னிப்பு கேட்க அவளுக்கு ஒரு நொடி கிடைத்தது. அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

“அப்பாவை வண்டிக்குள்ளதானுங்க வெச்சிருக்கீங்க. ரோட்டுக்குக் குறுக்கால நிறுத்தி வெக்கலீங்களே.”

முதலாளியின் முகம் சிவந்தது.

“சார், இது என்ன பேச்சு…” என்று பிரணவ் எழப்போனான்.

முதலாளி கையை உயர்த்தினார். யாரை நிறுத்துகிறார் என்று தெரியவில்லை. பிரணவ் உட்கார்ந்துகொண்டான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவர் மறுபடியும் தொட்டார். மதுரை வந்தது. தொட்டார். திருச்செந்தூர் வந்தது. எங்கோ ஒரு மூலையில் அப்பா மிச்சமிருப்பார் என்பதுபோலத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

கீழே ஒரு பஸ் கிளம்பியது. அவர் போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். முன்கண்ணாடிக்கு மேலே சிவப்பு பல்ப் எரிந்தது. வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்துவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார்.

பஸ் தெருவில் திரும்பி மறையும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூலையில் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. அவள் போய் ஒன்றை உருவினாள். மேசையருகே இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தாள்.