கழுத்தளவு

"எச்சில் முழுங்குங்கம்மா."

மருத்துவர் அவள் பின்னால் நின்று, இரண்டு கை விரல்களையும் கழுத்தில் வைத்திருந்தார்.

விழுங்கினாள். விரல்களுக்கடியில் ஏறி இறங்க வேண்டிய கட்டி அசையவில்லை. இன்னொரு முறை விழுங்கச் சொன்னார்.

அவள் கணவர், தையல்காரர், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். தைராய்டில் கட்டி என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். வெட்டி எடுக்க முடியுமா என்பதை இன்று சொல்வார்கள்.

மருத்துவர் கை கழுவினார். ஈரம் போகும்வரை துடைத்தார். அதற்குப் பிறகும் துடைத்தார்.

"மூச்சுக்குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்கும்மா. கத்தி வைக்க முடியாது. நுரையீரலுக்கும் போயிடுச்சு."



அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஐம்பதில் மாதவிலக்கு நின்றது. அதன்பின் வந்த எதையும் அவள் நோய் என்று நினைக்கவில்லை. களைப்பு, முடி கொட்டியது, குரல் கரகரத்தது, மாத்திரை தொண்டையில் நின்றது, எல்லாப் பழியும் அந்த வயதுக்கே போனது. அருங்காட்சியகத்தில் அவளோடு காவல் வேலை பார்க்கும் பெண்களும் அப்படித்தான். "நமக்கு மட்டும் தனி வெயில்டி" என்று நுழைவுச்சீட்டுக் கட்டால் விசிறிக்கொள்வார்கள்.

"நாலு வருஷமாவது வளர்ந்திருக்கும்," என்றார் மருத்துவர். "மேல் பொத்தான் வரைக்கும் போட்டு டை கட்டுற வேலை உங்களுக்கு. காலர் இறுக்கியிருக்குமே? நிறைய பேர் அதை வச்சுத்தான் ஆரம்பத்துலயே வந்துடுவாங்க. அப்பன்னா எடுத்துடலாம்."

"ஒரு நாள்கூட இறுக்கல டாக்டர்." அந்த நேரத்திலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "என் சட்டை எல்லாம் இவர் தைக்கிறதுதான். கல்யாணத்தப்ப எடுத்த அதே பதிமூணரை இஞ்ச் கழுத்தளவு. 'ஊரே பெருத்தாலும் உன் கழுத்து மட்டும் குமரிதான்டி'ம்பாரு."

காலருக்குள் இரண்டு விரல்களை விட்டுக் காட்டினாள். தாராளமாகப் போயின.

"கொடுத்து வச்சவங்கம்மா நீங்க," என்றார் மருத்துவர்.

தையல்காரர் கைப்பையின் வாரை விரலில் சுற்றினார். அவிழ்த்தார்.

மாதவிலக்கு நின்ற வருடம் ஒரு காலையில் அவளுடைய கால்சட்டை இடுப்பில் சேரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, வேலைக்கும் போகாமல், மதியம்வரை அழுதாள். இனி எந்தத் துணியும் தன் மனைவியிடம் இப்படிப் பேசக்கூடாது என்று அவர் அன்று முடிவு செய்தார்.

ஞாயிறுதோறும் அவள் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது அவர்தான். காலர் பட்டியில் இழுபட்ட சுருக்கம் தெரிந்தால் பொத்தானைக் கால் அங்குலம் தள்ளித் தைப்பார். தள்ள இடமில்லாதபோது, "காலர் நைஞ்சுபோச்சு, மாத்திட்டேன்" என்பார். அவள் அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வேலைக்குப் போவாள்.

இப்போது அவள் போட்டிருப்பது பதினாறரை.