கோடு போட்ட கப்பல்

போருக்கு முன் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்த லோரிமர், இப்போது கிளாஸ்கோ துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கோணல்மாணலாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று எதிரியின் நீர்மூழ்கிக்குப் பிடிபடக் கூடாது.

அன்று காலை கிலெஸ்பி என்ற கேப்டன் வந்தார்.

"'ஆர்டோரா'வுக்கு வரைஞ்சது நீங்கதானே சார்?"

லோரிமரின் முகம் வாடியது. போன வாரம் நாற்பது பேரோடு மூழ்கிய கப்பல் அது.

"நான்தான். என் கோடு உங்க கப்பலைக் காப்பாத்தலை. மன்னிச்சிடுங்க கேப்டன். எதிரி கண்டுபிடிச்சிட்டானா?"

"எதிரியே அங்க வரலை சார். உங்க கோட்டுல ஒரு குறையும் இல்லை. ஆர்டோரா வலப்பக்கம் போகுதுன்னு நெனச்சு நான் இடப்பக்கம் திருப்பினேன். நேரா அதோட விலாவுல போய் ஏறிட்டேன்."

"நீங்களா?"

"பின்னால வந்த கப்பல் என்னுது. இடிச்சது நான்தான்."

லோரிமர் தூரிகையைக் கீழே வைத்தார். கிலெஸ்பி தொடர்ந்தார்.

"இன்னிக்கு விசாரணை. பட்டப்பகல்ல எப்படித் தெரியாமப் போச்சு, குடிச்சிருந்தியான்னு கேக்கறாங்க. யாரும் நம்பலை சார்."

லோரிமர் கையிலிருந்த சாயத்தைத் துடைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

"நடங்க. உங்க கண்ணை ஏமாத்தினது என் கைதான்னு நானே வந்து சொல்றேன்."

"சொன்னா உங்க வேலை போயிடுமே சார்?"

"நாற்பது பேர் போயிட்டாங்களே, கேப்டன்."