கழுகு உட்கார்ந்த இடம்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். மிச்சம் நாலுதான் என்று சிரிக்காதீர்கள். அந்த நாலை வைத்துத்தான் ரொட்டி தின்கிறேன்.

அலெக்சாண்டிரியாவில் ஒரு கால்வாய்த் துறை அலுவலகம். டைரக்டர் ஷௌகத். காலையில் வந்ததும் காப்பி, அடுத்து ஒரு சயீதி ஜோக். எகிப்தின் தெற்கே ஸோஹாக் பக்கத்து ஆட்கள்தான் சயீதிகள். அவர்களுக்கு மண்டை கனம் என்று சொல்லிச் சிரிப்பது இங்கே வடக்கில் எல்லோருக்கும் பழக்கம்.

"லிஃப்டுல 'ஆறு பேர்'னு எழுதியிருந்துச்சாம். நம்ம சயீதி மத்த அஞ்சு பேரும் வரட்டும்னு மத்தியானம் வரைக்கும் நின்னானாம்!"

ஆபீஸே சிரிக்கும். ஆபீஸ் மேஜையிலேயே வீட்டுச் சமையலுக்குச் சுரைக்காய் குடைந்துகொண்டிருக்கும் டைப்பிஸ்ட் இன்ஷிராஹ் அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். சிரிக்காத ஒரே ஆள் தியாப். அந்த அலுவலகத்தின் ஒரே சயீதி.

தியாப்பின் வேலை முத்திரை. கழுகுப் படம் போட்ட அரசாங்க முத்திரை விழாத காகிதம் எங்கள் நாட்டில் பொட்டலம் கட்டத்தான் ஆகும். அந்தக் கழுகைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். கழிவறைக்குப் போனாலும் கழுகு கூடவே போகும்.

பிரிவுத் தலைவர் பதவி காலியானது. மூப்புப்படி தியாப்புக்கு வரவேண்டியது. ஒன்பது வருஷம் இளையவனுக்குப் போனது.

"ஏங்கய்யா?" என்று கேட்டார் தியாப்.

"நீ கையெழுத்துப் போட்டா கால்வாய்த் தண்ணி மேட்டுல ஏறி ஓடும், அண்ணே!" என்றார் ஷௌகத்.

ஊரைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று தியாப் புகார் எழுதினார். டைரக்டர் பதில் எழுதினார்: 'நான் அலெக்சாண்டிரியாவில் பிறந்து வளர்ந்தவன். கடல் பார்த்தவன் ஊர் பார்ப்பதில்லை.' விசாரணைக் குழு அந்த வரியில் சொக்கிப்போய்ப் புகாரைத் தள்ளிவிட்டது.

"ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. பேசாம இருங்கண்ணே" என்றாள் இன்ஷிராஹ் அம்மாள்.

"அதுக்குத்தாம்மா பேசணும்" என்ற தியாப், அறுபது நாள் கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது மேல்முறையீடு போட்டார்.

மேல்முறையீட்டுக் குழு ஒரே ஒரு வரி கேட்டது: 'முறையிட்டவர், டைரக்டர் இருவரின் பணிப் பதிவேட்டு நகலும், கழுகு முத்திரையோடு.'

டைரக்டருக்கு வியர்த்தது. தன் பதிவேட்டை இருபது வருஷமாக இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்த மனுஷன். முத்திரையோ எதிராளியின் கழுத்தில் தொங்குகிறது.

சாப்பாட்டு வேளையில், யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தியாப்பிடம் போனார். தன் பதிவேட்டு நகலை மடித்து அடிப்பகுதியை மட்டும் நீட்டினார்.

"இங்க குத்து. போதும்."

"படிக்காம குத்துறதில்லைய்யா. இருபத்தாறு வருஷ வழக்கம்."

தியாப் காகிதத்தைப் பிரித்து, விரல் வைத்துப் படித்தார். பெயர். தகப்பன் பெயர். பிறந்த ஊர். விரல் அங்கேயே நின்றது.

நஜா ஷிஹாப் கிராமம். ஸோஹாக் மாவட்டம்.

"எங்க ஊர்லருந்து கழுதையில போனா அரை மணி" என்றார் தியாப்.

பிறந்த ஊர் பொய் என்றால் எழுதிக் கொடுத்த பதிலும் பொய். மேல்முறையீடு அந்த நிமிஷமே தியாப் பக்கம் சாய்ந்துவிடும். அதைவிடப் பெரிய பயம், நாளைக் காலை அந்த லிஃப்டில் நிற்கப்போவது யார் என்பது.

தியாப் கழுகைக் கழற்றினார். மைப்பெட்டியில் மூன்று முறை அழுத்தினார். ஊதினார். டொம்!

கழுகு நேராகப் பிறந்த ஊரின்மேல் உட்கார்ந்தது. மை ஊறிப் பரவி, ஊரும் மாவட்டமும் சிறகுக்கடியில் மறைந்தே போயின.

"ஏன்யா இப்படிச் செஞ்சே? கேஸே உன் கையில இருந்துச்சே!"

"நீங்க என்னைப் பாத்துச் சிரிச்சீங்க, நான் முறையீடு போட்டேன். நாளைக்கு இந்த ஆபீஸே உங்களைப் பாத்துச் சிரிச்சா, நீங்க எங்க போய்ப் போடுவீங்க?"

சொல்லிவிட்டுப் பையிலிருந்து வெயில் ரொட்டியை எடுத்துப் பிய்த்து நீட்டினார். மாவை வெயிலில் பொங்கவைத்துச் சுடும் தெற்கத்தி ரொட்டி. 'செங்கல்' என்று டைரக்டர் தினமும் கிண்டல் செய்த அதே ரொட்டி.

"தின்னு எத்தனை வருஷமாச்சு?"

டைரக்டர் நின்றபடியே தின்றார். ரொட்டியில் உப்புக் கொஞ்சம் கூடிப்போனதற்குச் சமைத்தவளைக் குறை சொல்ல முடியாது.

அன்றே குழுவுக்கு டைரக்டரிடமிருந்து ஒரு கடிதம் போனது: 'பணி மூப்பு வருஷங்களைக் கூட்டும்போது தவறிவிட்டேன். முதலிடம் தியாப்புக்கே.' உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை, பாருங்கள்!

மேல்முறையீடு ஜெயித்தது. தியாப் பிரிவுத் தலைவரானார். டைரக்டருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதிலும் கழுகைக் குத்தியது தியாப்தான். இந்த முறை ஓர் எழுத்தும் மறையாமல், ஓரமாக.

"கூட்டல்கூடத் தெரியலையே!" என்று இன்ஷிராஹ் அம்மாள் சுரைக்காயோடு குலுங்கினாள். "நல்லவேளை, இவரு சயீதி இல்ல!"

ஆபீஸே சிரித்தது. தியாப் மட்டும் வழக்கம்போலச் சிரிக்கவில்லை.

அத்தனையும் சத்தியம். ஆனால் யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். இந்தக் காப்பிக் கடையில் இன்றைக்கும் என்னை 'டைரக்டர் ஐயா, அசல் அலெக்சாண்டிரியாக்காரர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.