திரும்பி வந்த பீரோ

மகளின் நிம்மதிக்கு அவர் கொடுத்த விலை பத்தொன்பதாயிரத்து இருநூறு ரூபாய்.

கடைக்காரர் இருபத்துமூன்று சொன்னார். இவர் இரண்டு முறை செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். இரண்டு முறையும் கூப்பிட்டார்கள். அதற்கு மேல் இறங்கவில்லை, விலையும் அவரும்.

இரட்டைக் கதவு. ஆள் உயரக் கண்ணாடி. ஆறு பேர் இல்லாமல் அசையாத இரும்பு. சீரில் பீரோ கனமாக இருந்தால் மாமியார் வாய் லேசாக இருக்கும் என்று நம்பினார்.

மூன்றே வருஷம். நாலு பேர் அசைத்துவிட்டார்கள்.

காலை பத்து மணிக்கு, தெரு முழுக்க வாசலில் நிற்கிற நேரமாகப் பார்த்து, டெம்போ வந்து நின்றது. சம்பந்தி வீட்டார் நேர்மையானவர்கள். கொடுத்த சீரில் ஒரு கரண்டி குறைக்கவில்லை.

டிரைவர் பக்கத்து இருக்கையிலிருந்து செல்வக்கனி இறங்கினாள்.

பீரோவை அவளுடைய பழைய அறையில் இறக்கினார்கள். சுவரோடு சேர்த்து நிறுத்தினார்கள். கையை எடுத்தார்கள்.

அது முன்பக்கம் குனிந்தது.

கதவு தானாகத் திறந்தது.

"என்ன அண்ணாச்சி, வர்ற வழியில கட்டிங் போட்டுட்டு வந்திருக்கு போல" என்றான் சுமைகூலிக்காரன். பிறகுதான் நிலையோரம் நின்றவளைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பீரோமேல் குற்றமில்லை. தரைதான்.

கல்யாணம் முடிந்த மறுமாதமே இந்த அறையைத் தன் எண்ணெய்க் கடைக்குக் கிடங்காக்கியிருந்தார். டின் ஒழுகினால் கழுவிவிடத் தோதாக, தரையை உடைத்து, வாசல் பக்கம் சரிவாக வாட்டம் கொடுத்துப் பூசச் சொன்னார். எவ்வளவு வாட்டம் என்று கொத்தனார் கேட்டார்.

"தாராளமா வைப்பா. இனிமே இங்க யாரு வந்து படுக்கப் போறா?"

ஆடிக்கு அழைத்து வந்திருந்த புதுப்பெண் அப்போது கொத்தனாருக்குக் காப்பி கொண்டுவந்து நின்றிருந்தாள்.

டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது நிலையோரம் நின்றாள். தோளில் பை. இறக்கி வைக்கவில்லை. நிலையைத் தாண்டி உள்ளே வரவுமில்லை.

பீரோ நேராக நின்றுவிட்டால் போதும். துணியை அடுக்குவாள். அடுக்கிவிட்டால் இருந்துவிடுவாள். அவருடைய திட்டம் அவ்வளவுதான்.

முன்காலுக்கு ஓட்டுச்சில்லு கொடுத்தார். பாரத்தில் நொறுங்கியது.

மரக்கட்டை கொடுத்தார். மூன்று வருஷம் எண்ணெய் குடித்த தரை. கட்டை வழுக்கிக்கொண்டு ஓடியது.

கதவைச் சாத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. யோசித்து முடிவெடுத்ததுபோல் திறந்தது.

உள்ளே நான்கு தட்டுகள். எல்லாம் காலி.

டின்னைக் கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை கிராம் குறைகிறது என்று சொல்லிவிடுவார். சந்தையில் அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் சாய்ந்ததில்லை. இன்று மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் ஒட்டிக்கொண்டு, இரும்புக் காலுக்குக் கீழே தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூலியாட்கள் போய்விட்டார்கள். மனைவி அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை.

மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தது.

நெற்றியைக் கதவில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். அப்படி நிற்கும்வரை மூடியிருந்தது.

பின்னால் காலடிச் சத்தம்.

சுவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துத் தூசி தட்டினாள் செல்வக்கனி. அவளுடைய கல்யாணப் பத்திரிகை. எண்ணூறுக்கும் ஆயிரத்துக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை என்று அச்சகத்தில் சொன்னதால் அவர் ஆயிரமாக அடித்தது.

"அது வேண்டாம் தாயீ."

"தூக்குங்கப்பா."

கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். அவள் குனிந்து ஒவ்வொன்றாகச் செருகினாள். கெட்டி அட்டை. எண்ணெயைக் குடித்துக்கொண்டு தரையைப் பிடித்துக்கொண்டது.

"இன்னும் ரெண்டு."

நெம்பினார்.

"ஒண்ணு. போதும், எறக்குங்க."

இறக்கினார். கதவை அவளே சாத்தினாள்.

மூன்று. ஏழு. பத்து.

திறக்கவில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அவளுடைய பையைப் பார்த்தார்.

அவள் பையின் ஜிப்பைத் திறந்தாள். கட்டின் மேலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து, மடங்காமல் உள்ளே வைத்தாள். ஜிப்பை மூடினாள்.

"வக்கீல் ஒண்ணு கேட்டாருப்பா."

பிறகு பீரோவைப் பூட்டினாள். சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கடை பில்லு புஸ்தகமெல்லாம் இதுல வச்சுக்கோங்க. மதுரையில ஹாஸ்டல் பாத்துட்டேன்."

அடுப்படிப் பக்கம் நடந்தாள், அம்மாவிடம் சொல்லிக்கொள்ள.

அவர் தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டார். அவரைக் கேட்காமலே விரல்கள் எண்ணத் தொடங்கின.

அடித்தது ஆயிரம்.

ஊருக்குக் கொடுத்தது எழுநூற்று எண்பது.

இடதுகாலுக்கு முப்பத்தொன்று. வலதுகாலுக்கு இருபத்து நான்கு.

வக்கீலுக்கு ஒன்று.

கையில் நிற்பது நூற்று அறுபத்து நான்கு.