பெட்டிக்கு ஒரு கைப்பிடி

பெட்டியைத் தூக்கிக் கடை மேஜைமேல் வைக்கும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய பெட்டி. காலியாக இருந்தாலும் கனக்கும். கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

அதைப் பிடித்து இழுத்தது யார் என்று உடுமலையின் இந்த ஹார்டுவேர் கடையில் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் துப்பட்டாவை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.

போன வாரம் இந்தப் பெட்டியை மாரோடு அணைத்துக்கொண்டுதான் அப்பா வீட்டுப் படி ஏறினாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார்.

"பொட்டிக்கு என்னாச்சு கண்ணு?"

அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை.

அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு, அடிக்கிற கைதான் அணைக்கும் என்றாள். பழமொழிக்கு என்ன, எலும்பா இருக்கிறது முறிவதற்கு?

நாளை அவள் கணவனின் அண்ணன் வருகிறார். பேசி, கையோடு அழைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. அம்மா கோழிக்குக்கூடச் சொல்லிவிட்டாள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்று காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "பொட்டிய எடுத்துட்டு வா கண்ணு, சரி பண்ணிப்போடலாம்" என்றார்.

துணிகளையெல்லாம் கட்டிலில் கொட்டிவிட்டு, மொபெட்டின் பின்னால் பெட்டியும் தானுமாக உட்கார்ந்து வந்தாள்.

அனுப்பி வைப்பதற்கு இவ்வளவு அவசரம்.

கடைக்காரர் ரிவெட் ஆணி அடிக்கிற கன் இரண்டை எடுத்துப் போட்டார். இரண்டுமே குறடு மாதிரி இருந்தன, முன்னால் மட்டும் ஒரு மூக்கு. வீட்டு வேலைக்கு லேசானதே போதும் என்றார். மற்றது நீளப் பிடி, நல்ல கனம், விலையும் இரண்டு பங்கு.

கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசுகிற அப்பா, கனமானதைக் கையில் எடுத்தார். அழுத்திப் பார்த்தார்.

"இதுக்கு அந்தப் பக்கம் ஒராளு புடிக்கோணுமுங்களா?"

"வேண்டாமுங்க. அதானுங்க இதுல சௌரியம். இந்தப் பக்கமிருந்தே அடிச்சுப்போடலாம். அந்தப் பக்கம் என்னன்னு பாக்கவே வேண்டியதில்லீங்க."

அப்பாவுக்கென்றே செய்த சாமான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ரிவெட்டின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் நேரமானது. கட்டையாக இருந்தால் உள்ளே பிடிக்காதாம். நீளமாக இருந்தால் ஆடுமாம். கடைக்காரர் கைப்பிடியையும் பெட்டியின் தடிமனையும் சேர்த்து அமுக்கிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். பெட்டி பிளாஸ்டிக் என்பதால் உள்பக்கம் ஒரு வாஷர் வைக்கச் சொன்னார்.

அப்பா காதில் வாங்கினால்தானே.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி, பழைய ரிவெட்டைத் துளைத்து எடுத்தார். ஓட்டையில் புது ரிவெட்டைச் சொருகினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஆணியை ரிவெட் கன்னின் மூக்கு கவ்விக்கொண்டது. இரண்டு கையாலும் அழுத்தினார்.

டக்.

ஆணி முறிந்து விழுந்தது. அப்பாவின் முகமெல்லாம் சிரிப்பு. கைப்பிடியை ஒரு இழு இழுத்தார். ரிவெட்டு கையோடு வந்துவிட்டது.

"வாஷர் வெக்கலீங்கப்பா."

எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

வாஷரை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டாள். கடைசியில் அந்தப் பக்கத்துக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது. குனிந்ததில் துப்பட்டா சரிந்தது.

அப்பா பார்த்தார்.

மணிக்கட்டைச் சுற்றிப் பழுத்துக் கிடந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் வாஷர் விழுந்துவிடும்.

அப்பா வேறொரு ரிவெட்டைச் சொருகினார். அழுத்தினார். டக்கென்று ஆணி முறிந்த பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"முடிஞ்சுதுங்கப்பா," என்றாள்.

"ம்."

மறுபக்கத்து ரிவெட்டு நன்றாகத்தான் இருந்தது. அதையும் துளைத்து எடுத்துவிட்டுப் புதிது அடித்தார். பிறகு பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். கைப்பிடி அசையவில்லை. அதற்குமேல் அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அறைக்குப் போய்த் துணிகளை மடித்தாள். பெற்ற அப்பாவே இவ்வளவு கெட்டியாக வழியனுப்பும்போது யாரிடம் போய் என்ன சொல்வது? அழுகை வரும் போலிருந்தது. இன்னொரு சுடிதாரை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அடுக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது பெட்டியைக் காணோம்.

அப்பா ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தார். சரிசெய்த கைப்பிடியை ஒரு கையால் பற்றி, பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பரணில் ஏற்றினார். அண்டாவை நகர்த்தி அதற்கும் பின்னால் சுவரோரமாகத் தள்ளினார். பிறகு அண்டாவைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தார்.

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

"ஏனுங்க, நாளைக்கு அவங்க வர்றாங்க. அதைக் கொண்டுபோய் மேல போடறீங்களே! இதுக்கா காத்தால இருந்து அந்தப் பாடுபட்டீங்க?"

அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. கையிலிருந்த தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பின்னே? கைப்புடி இல்லாம இதை எப்படி அட்டாலி மேல ஏத்தறது?"